வாயு எந்த வழியில் போகும்?

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். “சார், காம்பவுண்டுக்கு வெளிய கேஸ் வாசனை அடிக்குது. யார்டுக்குள்ள போய் நின்னா ஒண்ணுமே தெரியல.”

யார்டுக்குள் வாசனை இருந்து வெளியே இல்லையென்றால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் தலைகீழாகச் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது.

சேலத்தில், சேர்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உள்ள ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன் நான். பிறகு பாதுகாப்புப் பொறுப்பும் என்னிடம் வந்தது. வண்டி உதிரிபாகங்களை உலையில் சூடாக்கிப் பதப்படுத்துவது எங்கள் வேலை. உலைகளுக்கு எல்பிஜி, அதாவது வீட்டில் சமையல் கேஸ் என்று சொல்வது. அதைத் திரவமாகச் சேமிக்கப் புல்லட் என்ற படுத்த உருளைத் தொட்டி, திரவத்தை ஆவியாக்க ஒரு வேப்பரைசர், டேங்கர் லாரி வந்து இறக்க ஓர் இடம், சுற்றிலும் கம்பிவேலி. இந்த இடத்தைத்தான் யார்டு என்போம். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு. அதை ஒட்டி ஓர் ஆயா டீக்கடை வைத்திருக்கிறார். காலை ஷிஃப்ட் ஆட்கள் வருவதற்குள் பால் காய வேண்டும் என்பதால் ஐந்தே முக்காலுக்கெல்லாம் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார்.

ஆபரேட்டர் அண்ணன் எனக்குப் போன் செய்வதற்கு முன்பே மூன்று காரியங்கள் செய்திருந்தார். புல்லட்டின் திரவ லைன் வால்வை மூடினார். வாசனை இல்லாத பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தே டீக்கடைக்குப் போய், “ஆயா, இன்னிக்கு அடுப்பு பத்த வெக்காதீங்க, தீப்பெட்டிய எங்கிட்ட குடுங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டார். சைக்கிள் ஸ்டாண்டில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்கவில்லை. எரியும் விளக்கை விட, அதை அணைக்கும்போது ஸ்விட்சுக்குள் தெறிக்கும் பொறிதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அன்று அந்த ஆலையில் இருந்த எல்லோரையும் காப்பாற்றியவர் அவர்தான் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

நான் வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கையில் பிடிக்கும் கேஸ் டிடெக்டரோடு நடந்து போனேன். புல்லட்டுக்குப் பக்கத்தில் பூஜ்யம். வேப்பரைசரின் காலடியில் லேசாக ஏறியது. அதன் பின்பக்கம் மழைநீர் போவதற்காக வெட்டிய ஓர் அடி அகல வாய்க்கால் இருந்தது. கருவியை அதன் வாயருகே இறக்கியதும், தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 60 சதவீதத்தைத் தாண்டி அலறியது. அந்த வாய்க்கால் சுவருக்கு அடியில் புகுந்து சைக்கிள் ஸ்டாண்டு ஓரம்தான் முடிகிறது.

கசிந்த இடம் ஓர் அற்பமான இடம். திரவ லைனில் இருக்கும் வடிகட்டியை முந்தின நாள் சுத்தம் செய்திருந்தார்கள். அதன் அடியில் உள்ள டிரெய்ன் வால்வின் இருக்கையில் துருத்துணுக்கு ஒன்று சிக்கி, வால்வு முழுசாக மூடவில்லை. வால்வுக்கு வெளியே போட வேண்டிய பிளக்கை யாரும் திருப்பிப் போடவில்லை. இராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்து ஆவியாகி, ஆவி வாய்க்காலில் இறங்கி, தண்ணீர் போகிற வழியில் அப்படியே போயிருக்கிறது. ஏழரை மணிக்கு வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கியதும் ரீடிங் தானாகப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஆபரேட்டர் அண்ணன் தன் மூக்கை நம்பாமல் விட்டிருந்தால், பகல் ஷிஃப்டுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

எங்களிடம் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து ஆலோசகர் வந்து எழுதிக்கொடுத்த தடிமனான கோப்பு இருந்தது. 2016-ஆம் ஆண்டு அழுத்தக்கலன் விதிகள்படி புல்லட்டுக்கும் கட்டடத்துக்கும் இடையே, புல்லட்டுக்கும் எல்லைச் சுவருக்கும் இடையே விட வேண்டிய தூரமெல்லாம் சரியாக இருந்தது. வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் உரிமம் சுவரில் தொங்கியது. அந்த அறிக்கையில் தப்பு என்று ஒன்றைக்கூட அப்போது என்னால் காட்டியிருக்க முடியாது. ஆனால் அது எழுதி முடித்த பிறகு வந்த மழைக்காலத்தில், யார்டில் தண்ணீர் தேங்குகிறது என்று சிவில் ஆட்கள் வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்கால் வெட்டுவது கேஸ் சம்பந்தப்பட்ட வேலை என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. அந்த வேலைக்கான அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

அதன் பிறகு மதிப்பீட்டை நாங்களே முதலிலிருந்து செய்தோம். எவ்வளவு வாயு சேமித்திருக்கிறோம் என்ற கேள்வியில் தொடங்கவில்லை. இந்த இடத்தில் கசிந்தால் எந்த வழியில் போகும், போகிற வழியில் எதைச் சந்திக்கும் என்று குழாய்களை இணைக்கும் ஒவ்வொரு ஃபிளேஞ்சுக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் கேட்டோம்.

எல்பிஜியைப் பற்றிச் சில கணக்குகள் மனசில் பதிய வேண்டும். அதன் ஆவி காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், 9 சதவீதத்துக்கு மேல் போனால் பிடிக்காது. ஒரு கிலோ திரவம் ஆவியானால் ஏறக்குறைய அரைக் கன மீட்டர் ஆவி. அது 2 சதவீதம் என்ற அளவில் காற்றோடு கலந்தால் 25 கன மீட்டர் ஆகிவிடும். அதாவது பத்துக்குப் பத்து அறை ஒன்று, தரையிலிருந்து கூரை வரை. ஒரே ஒரு கிலோவுக்கு இது. ஷிஃப்ட் ஆட்களுக்கு வகுப்பெடுக்கும்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பத்துக்குப் பத்து அறையைத்தான் சொல்கிறேன். சொன்னதும் எல்லோரும் தங்கள் வீட்டு அறையை நினைத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு கணக்கு: ஒரே அளவு ஓட்டையில் ஆவி கசிவதற்கும் திரவம் கசிவதற்கும் எடையில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். மூன்று மில்லிமீட்டர் ஓட்டை வழியாகத் திரவம் வந்தால் நிமிடத்துக்கு ஐந்தாறு கிலோ போய்விடும். நிமிடத்துக்கு ஐந்தாறு அறைகள்! அதனால் புல்லட்டிலிருந்து வேப்பரைசர் வரைக்குமான திரவ லைனைச் சிவப்பு மையால் தனியாக வரைந்துகொண்டோம். டேங்கர் ஹோஸ், வடிகட்டி, பம்ப், டிரெய்ன், கேஜ் இணைப்பு என்று அந்தச் சிவப்புக் கோட்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கினோம். ஆவி லைனை அரை நாளில் முடித்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே கவனம் கொடுக்கப் போனால் எதற்கும் கவனம் இருக்காது.

வாயு போகும் வழியைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒவ்வொரு கசிவு இடத்திலும் தண்ணீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது என்று பார்த்தோம். காற்றில்லாத நேரத்தில் கனமான ஆவியும் கிட்டத்தட்ட அப்படித்தான் சரிவைப் பார்த்து ஓடும். இரண்டாவதாக, ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து உலர் பனிக்கட்டி வாங்கி வந்து விடியற்காலையில் வெந்நீர் வாளியில் போட்டோம். அது உறைந்த கரியமில வாயு. அந்த வாயுவின் மூலக்கூறு எடை 44, புரோப்பேனுக்கும் 44. வெள்ளைப் புகையாகப் பொங்கித் தரையோடு தவழ்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம், தீப்பிடிக்கிற கவலை இல்லை. இதைத் திறந்த வெளியில் மட்டும் செய்ய வேண்டும். குழிக்குள்ளும் மூடிய அறைக்குள்ளும் செய்தால் மூச்சு முட்டி ஆள் விழுந்துவிடுவார்.

அந்தப் புகை வாய்க்காலில் இறங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போனதை ஆலை முதலாளி நேரில் நின்று பார்த்தார். நான் பத்துப் பக்கம் எழுதியும் கிடைக்காத பணம் அன்று மாலையே கிடைத்தது. வாய்க்காலில் சுவருக்கு முன்னால் ஒரு தொட்டி கட்டி, நடுவில் தடுப்பு இறக்கி, தண்ணீர் போகும் ஆனால் ஆவி போகாது என்கிற மாதிரி நீர்ப்பூட்டு வைத்தோம். வடிகட்டி டிரெய்னில் ஒரு வால்வுக்குப் பதில் இரண்டு, அதற்கு வெளியே சங்கிலியில் கட்டிய பிளக். வேப்பரைசரின் பின்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், புதிதாக ஒரு டிடெக்டர். பழைய இரண்டு டிடெக்டர்களும் முன்பக்கம் இருந்தன. ஆவி அவற்றின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஏன் விடியற்காலை என்று கேட்கலாம். சேலம் ஒரு கிண்ணம் போன்ற ஊர். வடக்கே நகரமலையும் அதன் பின்னால் சேர்வராயன் மலைகளும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோடுமலை. மார்கழி, தை மாதங்களில் இராத்திரி வானம் தெளிவாக இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயே படிந்து அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் கசிகிற வாயு மேலேயும் போகாது, கலைந்தும் போகாது. மதிப்பீடு செய்பவர்கள் காற்றின் நிலையை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். இந்த விடியற்காலை நிலைதான் எஃப். எங்கள் பழைய அறிக்கையில் வினாடிக்கு 5 மீட்டர் காற்று என்று வைத்துப் பகல் நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தார்கள். அலோஹா என்ற இலவச மென்பொருளில் அதே கசிவை எஃப் நிலையில், வினாடிக்கு ஒன்றரை மீட்டர் காற்றில் போட்டுப் பார்த்தேன். தீப்பிடிக்கக்கூடிய எல்லை சுவரைத் தாண்டி டீக்கடைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. உங்கள் ஆலை அறிக்கை கையில் இருந்தால், எந்தக் காற்று நிலைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்ற பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்.

உலகம் மறக்காத விபத்துகளும் இதையே சொல்கின்றன. பிரான்சில் ஃபெய்சான் சுத்திகரிப்பு ஆலையில் 1966 ஜனவரி 4 அன்று கசிவு தொடங்கியது காலை 6.40-க்கு. மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சான் ஹுவானிகோ எல்பிஜி கிடங்கில் 1984 நவம்பர் 19 அன்று வெடித்தது விடியற்காலையில், மக்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது. சுமார் 500 பேர் இறந்தார்கள். நம் விசாகப்பட்டினத்தில் 1997 செப்டம்பர் 14 அன்று நடந்த எல்பிஜி விபத்தும் அதிகாலையில்தான். 50-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

ஃபெய்சானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கசிவுக்கு அது அண்ணன் முறை. அங்கேயும் தொட்டிக்கு அடியில் இருந்த டிரெய்ன்தான். அடுத்தடுத்து இரண்டு வால்வுகள். தொட்டியை ஒட்டியதை முழுசாகத் திறந்துவிட்டு வெளியில் உள்ளதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். அன்று வரிசை மாறிப்போனது. சீறி வந்த புரோப்பேனின் குளிரில் வால்வு உறைந்து, திரும்ப மூட முடியவில்லை. ஆவி மேகம் சாலை வரை தவழ்ந்து போய், அங்கே வந்த ஒரு காரால் பற்றிக்கொண்டது. மொத்தம் 18 பேர் இறந்தார்கள். அழுத்தம் ஏறினால் தானாகத் திறக்கும் ரிலீஃப் வால்வு தொட்டியின் மேலே இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, எரிகிற தொட்டியை விட்டுவிட்டுப் பக்கத்துத் தொட்டிகளைத் தண்ணீரால் குளிர்வித்தார்கள். ரிலீஃப் வால்வு அழுத்தத்தைத்தான் பார்த்துக்கொள்ளும், இரும்பைப் பார்த்துக்கொள்ளாது. தொட்டிக்குள் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி அந்தத் திரவத்தால் குளிர்ந்துவிடும். மேலே ஆவி மட்டும் இருக்கும் பகுதியில் தீ பட்டால் இரும்பு சூடேறிப் பலமிழந்து கிழியும். கிழிந்த நொடியில் உள்ளே இருக்கும் திரவம் முழுக்க ஒரேயடியாகக் கொதித்து வெடிக்கும். அதனால்தான் புல்லட்டின் முதுகு முழுக்கத் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு. சதுர மீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் வேண்டும்.

எங்கள் தெளிப்பானைத் திறந்து பார்த்தோம். பாதி நாசில்களில் தண்ணீரே வரவில்லை. சேலத்து போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று இங்கே பாத்திரம் கழுவுகிற எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு நாசிலுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தது. மாதா மாதம் பம்பை ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார்கள். உண்மையாகத்தான் எழுதினார்கள், பம்ப் ஓடியது. நாசிலை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து புல்லட்டின் முதுகில் நனையாத இடம் இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்து ஒட்டச் சொல்லிவிட்டேன். அப்புறம் தெளிப்பானுக்கான தொட்டிக்குக் காவிரித் தண்ணீர் லாரியில் வாங்கி நிரப்புகிறோம்.

இந்த அனுபவம் ஆபத்துக்கு மதிப்பெண் போடும் முறையையே எனக்கு மாற்றிக்கொடுத்தது. வாய்ப்பு ஒன்று முதல் ஐந்து, பாதிப்பு ஒன்று முதல் ஐந்து, இரண்டையும் பெருக்கு என்ற அட்டவணையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் உட்கார்ந்தால் வாய்ப்புக்கு எப்போதும் ஒன்றுதான் போடுவார்கள். “இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையே சார்” என்பார்கள். நாங்கள் இப்போது ஞாபகத்தை வைத்து மதிப்பெண் போடுவதில்லை. நடுவில் எத்தனை தடுப்புகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இந்த மாதம் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று எண்ணுகிறோம். பார்க்காத தடுப்பை இல்லை என்றே வைத்துக்கொள்கிறோம். முதல் முறை அப்படி எண்ணியபோது, ஒன்று என்று நினைத்த இடம் நான்குக்குப் போனது.

தீப்பொறி எங்கிருந்து வரும் என்று பட்டியலிடவும் விடியற்காலையில்தான் நடந்தோம். பகலில் நடந்தால் வெல்டிங், கிரைண்டிங், ஃபோர்க்லிஃப்ட் என்று தெரிந்தவைதான் கண்ணில் படும். ஐந்து மணிக்கு நடந்தபோது வேறொரு ஆலை தெரிந்தது. கரண்ட் போனால் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர். ஆறு மணிக்குத் தானாக அணையும் தெருவிளக்கின் டைமர். செக்யூரிட்டி அறையில் தண்ணீர் சுட வைக்கும் கம்பிச் சுருள். கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பிள்ளையார்.

பிள்ளையார் விஷயத்தைப் பக்குவமாகத்தான் பேச வேண்டியிருந்தது. மார்கழியில் தினமும் விடியற்காலை விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுவார்கள். அந்தச் சன்னதி, தண்ணீர் ஊற்றிப் பார்த்த சரிவில், வாய்க்காலுக்கு நாற்பது அடியில் இருந்தது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கும்பிடுகிற ஆட்களையே அழைத்து உலர் பனிக்கட்டிப் புகையைக் காட்டினேன். அவர்களே பேசி, ஐயரைக் கலந்து, பிள்ளையாரைக் கேட்டின் மேற்குப் பக்கம் மேடான இடத்துக்கு மாற்றினார்கள். ஆயுத பூஜைக்கு யார்டுக்குள் கற்பூரமும் சாம்பிராணியும் கிடையாது. சந்தனம், குங்குமம், பூ, வேலிக்கு வெளியே தேங்காய், அவ்வளவுதான். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாச் சமயத்தில் ஊர் முழுக்க வாணவேடிக்கை நடக்கும். அந்த நாட்களிலும் தீபாவளிக்கும் டேங்கர் இறக்குவதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுகிறோம்.

டேங்கர் இறக்குவதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரத்துக்குக் கட்டை, எர்த் ஒயர், டிரைவர் சாவி எங்கள் கையில், ஹோஸ் இணைப்புக்குச் சோப்பு நுரைச் சோதனை, புல்லட்டில் 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது. வெயிலில் திரவம் விரிவதற்கு அந்த மீதி இடம் கட்டாயம் வேண்டும்.

இதெல்லாம் கேள்விப்பட்டு என் சித்தப்பா கூப்பிட்டார். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஃபேக்டரி வைத்திருக்கிறார். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியை அரைத்த கழிவுநீரின் புளித்த வாடை சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். இப்போது பல ஆலைகள் அந்தத் தண்ணீரைக் குளம் மாதிரிக் கட்டி, மேலே கனமான பிளாஸ்டிக் ஷீட் மூடி, அதில் வரும் பயோகேஸை பாய்லருக்கும் ஜெனரேட்டருக்கும் எரிக்கின்றன. சித்தப்பாவும் அப்படித்தான் வைத்திருக்கிறார். “நீ பெரிய கம்பெனியில பாத்தத இங்கயும் வந்து பாத்துச் சொல்லு கண்ணு” என்றார்.

போய் இறங்கியதும் நான் செய்த முதல் தப்பு, எல்பிஜி கண்ணோடு பார்த்தது. குனிந்து வாய்க்காலைத் தேடினேன். பயோகேஸில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. தனி மீத்தேன் காற்றில் பாதி கனம்தான், கூரைக்குப் போய்விடும். கரியமில வாயு கலந்திருப்பதால் பயோகேஸ் ஏறக்குறைய காற்றின் கனத்துக்கே வந்துவிடுகிறது. மேலே போகும் என்றும் நம்ப முடியாது, கீழே போகும் என்றும் நம்ப முடியாது. ஜெனரேட்டர் அறையில் கூரையடியில் ஒன்று, மூச்சு மட்டத்தில் ஒன்று என்று இரண்டு டிடெக்டர் வைக்கச் சொன்னேன். சுவரில் மேலேயும் கீழேயும் காற்றுத் துவாரம் திறந்தோம்.

ஆனால் அங்கே பெரிய ஆபத்து வெளியே வருகிற வாயு இல்லை, உள்ளே போகிற காற்று. புல்லட்டுக்குள் அழுத்தம் அதிகம், ஓட்டை விழுந்தால் வாயு வெளியேதான் வரும். ஷீட்டுக்கு அடியில் இருப்பது சில சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம்தான். கிழங்கு வரத்து நின்றால் வாயு உற்பத்தி குறையும். புளோயர் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் ஷீட் தொய்ந்து, கிழிசல் வழியாகவும் வற்றிப்போன நீர்ப்பூட்டு வழியாகவும் காற்று உள்ளே போகும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருக்கும்போதுதான் வெடிக்கும். 60 சதவீத மீத்தேன் இருக்கும் ஷீட்டுக்குள் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்று நுழைந்தால் அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆலை ஓடும் மாதங்களில் அது நடக்காது. சீசன் முடிந்து, ஆட்கள் ஊருக்குப் போய், யாரும் அந்தப் பக்கம் பார்க்காத மாதங்களில் நடக்கும்.

நான் போனது அப்படிப்பட்ட ஒரு மாதத்தில். ஷீட் தட்டையாகக் கிடந்தது. நீர்ப்பூட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் வெயிலில் தண்ணீர் வற்றி அடியில் சேறுதான் இருந்தது. இருபது அடி தள்ளி, கேஸ் பைப்புக்குத் தாங்கி வைக்க ஒரு தம்பி வெல்டிங் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார். மெஷினை லாரியிலேயே திருப்பி ஏற்றச் சொன்னேன்.

சித்தப்பா மகன் எதிர்த்தான். “அண்ணா, மீட்டர் போட்டுப் பாத்துட்டுத்தான் வெல்டிங் சொன்னேன். ஜீரோ காட்டுது பாருங்க.” ஷீட்டில் இருந்த மாதிரி எடுக்கும் குழாயில் மீட்டரை வைத்துக் காட்டினான். முள் ஒரு தரம் மேலே துள்ளிவிட்டு மெல்லப் பூஜ்யத்துக்கு வந்தது. அந்தத் துள்ளலை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாதாரண கேஸ் டிடெக்டர் தனக்குள் வாயுவைக் கொஞ்சமாக எரித்துப் பார்த்துத்தான் அளவு சொல்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். வாயு அடர்த்தியாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கும் இடத்தில் அது எரிக்க முடியாமல் பூஜ்யம் காட்டும். போதாததற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு அதன் உணர்வியையே நாளடைவில் கெடுத்துவிடும். தொட்டிக்குள் பார்க்க அகச்சிவப்புக் கதிரில் அளக்கும் கருவியும் கூடவே ஆக்சிஜன் மீட்டரும் வேண்டும். மீட்டர் துள்ளி விழுந்தால், பூஜ்யத்தை நம்பாமல் துள்ளலை நம்பி வெளியே வந்துவிட வேண்டும்.

மூக்கையும் அங்கே நம்ப முடியாது. என் ஆலையில் எல்லோரையும் காப்பாற்றியது ஒருவருடைய மூக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தால் நுகரும் திறனையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்ப ஏறுவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிறவரும் ஏறுவதில்லை. குளத்துக்குள்ளோ குழிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது என்று சித்தப்பாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இப்படி இறங்குவதைத் தடுத்தது என்றும் சொன்னேன். சத்தியம்தான் அவரிடம் அதிகம் எடுபட்டது.

ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்க அவர் வைத்திருக்கும் இரும்புத் துருப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயுவை உறிஞ்சிய அந்தத் துரு, திறந்து காற்றுப் பட்டால் தானாகவே சூடேறிப் புகையும், பற்றிக்கொள்ளவும் செய்யும். தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். முன்பு அதை எடுத்துக் கிழங்குச் சக்கையான காய்ந்த திப்பிக் குவியலுக்குப் பக்கத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சீசன் முடியும்போது என்ன செய்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஷீட்டுக்குள் அழுத்தம் குறைந்தால் புளோயர் தானாக நிற்க ஒரு ஸ்விட்ச். நீர்ப்பூட்டில் வெளியிலிருந்தே தெரிகிற கண்ணாடிக் குழாய், அதில் சிவப்புக் கோடு. பைப்பில் வேலை என்றால் குளத்திலிருந்து அந்தப் பைப்பைப் பிரித்து இரும்புத் தட்டு போட்டு அடைத்து, நைட்ரஜன் சிலிண்டரால் உள்ளே இருப்பதைத் தள்ளி, இரண்டு கருவியிலும் அளந்த பிறகுதான் வெல்டிங். புதுக் கிழங்கு வந்து வாயு திரும்ப வரத் தொடங்கும்போது முதலில் வருவது காற்றோடு கலந்ததாக இருக்கும். அதை இன்ஜினுக்கும் அனுப்பக் கூடாது, மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேரிலும் பற்ற வைக்கக் கூடாது. உயரமான குழாய் வழியாக ஆளில்லாத பக்கம் வெளியே விட்டு, ஆக்சிஜன் அளவு நன்றாக இறங்கிய பிறகுதான் நெருப்பு.

நீர்ப்பூட்டுக் கோட்டைத் தினமும் பார்க்கும் பொறுப்பை ஜவ்வரிசி காயப்போடும் களத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். ஆலை ஓடாத மாதங்களிலும் அந்த வழியாக நடந்து போகிறவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் ஒரு குடம் ஊற்றிவிட்டு, நாள்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு சுழி போடுகிறார். போன சித்திரையில் வாரத்துக்கு மூன்று சுழி இருந்தது.

என் ஆலையில் அந்த ஜெனரேட்டர் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறது. பொங்கல் ஷட்டவுனில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை விடியற்காலை நான்கிலிருந்து ஏழு வரை அதைத் தானாக ஓட விடாமல், கரண்ட் போனால் ஆபரேட்டர் அண்ணன் மீட்டரோடு ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் கையால் ஓட்டுகிறார். அதனால் உலை ஆறு நிமிடம் தாமதமாகிறது என்று உற்பத்திப் பிரிவு எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. அதற்குப் பதிலாக, அந்த மார்கழிக் காலையில் வாய்க்கால் வாயில் மீட்டர் காட்டிய எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறேன்.